ஹெச்.ஆர். அறைக்குள் போவதற்கு முன்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. விடுப்புக் கேட்டு எழுதினால் என் மேலாளர் பதிலே போடமாட்டார். கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின மாலை வந்து, "இப்போது முடியாது" என்பார். நாலு தடவை இப்படி நடந்தது. பொறுக்க முடியாமல், சேர்ந்த அன்று என்னிடம் அன்பாகப் பேசிய ஹெச்.ஆர்., அதாவது மனிதவளத் துறை அதிகாரியிடம் போனேன். "உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே போக வேண்டாம்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் கொட்டித் தீர்த்தேன். மறுநாள் காலையில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "என்மேல் ஏதோ வருத்தமாமே?"

அந்த அதிகாரி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒரு தரப்பு சொல்வதைக் கேட்டால் மறு தரப்பையும் விசாரிப்பது அவருடைய வேலை. அவர் கையில் நான் எதையும் கொடுத்திருக்கவில்லை. ஒரு தேதி கிடையாது, ஒரு மெயில் கிடையாது, எனக்கு என்ன செய்து தர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வருத்தத்தை மட்டும் கொடுத்தேன். அவரால் அந்த வருத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டு போக முடிந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாருக்கும் அப்படி ஒரு காலை விடியக் கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. அந்தத் துறை யாருக்காக இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் என்ற நிறுவனத்தில் 1901இல் பெரிய தொழில் தகராறு வெடித்தது. அதற்குப் பிறகு தொழிலாளர் குறைகள், பாதுகாப்பு, வேலைநீக்கம் இவற்றைக் கவனிக்க அங்கே தனியாக ஒரு துறை வைத்தார்கள். இன்றைய ஹெச்.ஆருக்கு முன்னோடி என்று பலரும் அதைத்தான் சொல்வார்கள். பிரச்சினை முற்றி நிறுவனத்தை முடக்குவதற்கு முன்னால் அதைக் காதில் வாங்க ஒரு இடம் வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

இன்றும் அடிப்படை மாறவில்லை. ஹெச்.ஆர். அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம். நிறுவனத்துக்கு வழக்கு, அபராதம், கெட்ட பெயர், ஆட்கள் விலகல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் நல்லவராகவே இருக்கலாம். நான் பார்த்ததில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர் உங்கள் வக்கீல் கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு "அப்படியானால் அவர்களிடம் போகவே வேண்டாம்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அது இன்னும் பெரிய தவறு. உங்கள் நன்மையும் நிறுவனத்தின் நன்மையும் சந்திக்கிற இடங்கள் நிறைய உண்டு. சம்பளம் தப்பாகப் போடப்பட்டால் நிறுவனத்துக்கும் சிக்கல். ஒரு மேலாளர் கைநீட்டினாலோ ஆபாசமாகப் பேசினாலோ நிறுவனத்துக்கும் ஆபத்து. அந்த இடங்களில் ஹெச்.ஆர். வேகமாக வேலை செய்யும்.

போகாமல் இருப்பதே உங்களுக்கு எதிராகத் திரும்பவும் கூடும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998இல் இரண்டு பாலியல் தொல்லை வழக்குகளில் ஒரு விதியை வகுத்தது. மேலதிகாரியின் தொல்லையால் ஊழியரின் வேலை பறிபோவது, பதவி இறக்கம் போன்ற நேரடியான பாதிப்பு ஏதும் நேராத வழக்கில், நிறுவனம் ஒழுங்கான புகார் முறை வைத்திருந்து, ஊழியர் தக்க காரணமில்லாமல் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தால், நிறுவனம் அதையே தன் தரப்பு வாதமாக வைக்கலாம் என்றது. "ஏன் எங்களிடம் சொல்லவில்லை?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

2. சேர்ந்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது

கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதம், ஆஃபர் லெட்டர், வேலை விவரம், சம்பளப் பிரிப்பு, விதிமுறைக் கையேடு இவற்றில் உங்களுக்கென்று கொடுக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். மாதாமாதம் சம்பளச் சீட்டையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். வாடிக்கையாளர் பட்டியல், கம்பெனியின் ரகசிய ஃபைல்கள் இவற்றைத் தொடாதீர்கள். பின்னாளில் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்த ஒரு ஃபைலை வைத்தே உங்களை வெளியே அனுப்பிவிட முடியும்.

நியமனக் கடிதத்தை மெதுவாகப் படியுங்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, நோட்டீஸ் பீரியட் (விலகுவதாகச் சொன்னபின் வேலை செய்ய வேண்டிய காலம்) எவ்வளவு, அதற்குள் கிளம்பினால் பணம் கட்ட வேண்டுமா, வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்று ஏதாவது நிபந்தனை உண்டா என்று பாருங்கள். போனஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் "நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது" என்று இருந்தால், அந்தத் தொகையை உங்கள் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேர்காணலில் வாயால் சொன்ன வாக்குறுதிகள் இருக்கும். "ஆறு மாதத்தில் சம்பளம் ஏற்றித் தருகிறோம்", "வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யலாம்" என்பது மாதிரி. சொன்னவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அந்தப் பேச்சும் அவரோடு போய்விடும். சேர்வதற்கு முன்பே ஒரு மெயில் போதும்: "நேற்று பேசியபடி, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று புரிந்துகொண்டேன். சரிதானே என்று உறுதிப்படுத்தினால் நன்றாக இருக்கும்." பதில் வந்தால் சாட்சி. வராவிட்டாலும் நீங்கள் எழுதியது இருக்கும்.

இன்னொன்று. அலுவலக லேப்டாப், அலுவலக மெயில், அலுவலக சாட் எல்லாம் நிறுவனத்தின் சொத்து. பல நிறுவனங்கள் அவற்றைப் பார்க்கும் உரிமையைக் கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. மேலாளரைப் பற்றி சக ஊழியரிடம் புலம்புவதற்கும், வேறு வேலை தேடுவதற்கும், வக்கீலுக்கு எழுதுவதற்கும் சொந்த ஃபோனை எடுங்கள்.

3. எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

சம்பளக் கணக்கு, விடுப்பு விதி, மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு, சான்றிதழ் எல்லாம் ஹெச்.ஆரின் அன்றாட வேலை, தயங்காமல் போங்கள். தொல்லை, பாகுபாடு, பாதுகாப்புக் குறைவு, கூலி பாக்கி, கணக்கில் மோசடி இவற்றுக்குக் கட்டாயம் போங்கள், எழுத்தில் போங்கள். மேலாளர் காலையில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பக்கத்து மேசைக்காரர் சத்தமாகப் பேசுகிறார் என்பதையெல்லாம் முதலில் நேரிலேயே பேசித் தீர்க்கப் பாருங்கள். அதற்காக ஹெச்.ஆர். வரை போனால், நாளைக்குப் பெரிய விஷயத்தோடு போகும்போது உங்கள் சொல்லுக்கு எடை குறையும்.

ரகசியம் பற்றி ஒரு வார்த்தை. வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "நான் சொல்லப்போவதை நீங்கள் யாரிடமாவது சொல்லியாக வேண்டுமா?" சில விஷயங்களைக் கேட்டுவிட்டால் அவர்களால் சும்மா இருக்க முடியாது. பாலியல் தொல்லை பற்றிச் சொல்லிவிட்டு "நடவடிக்கை எதுவும் வேண்டாம், தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்" என்றாலும் விசாரணை தொடங்க வேண்டிய கடமை அவர்களுக்கு வந்துவிடலாம். விதி மட்டும் தெரிய வேண்டுமென்றால் பெயர் எதுவும் சொல்லாமல் பொதுவாகக் கேளுங்கள்: "இப்படி ஒரு புகார் வந்தால் நம் நிறுவனத்தில் என்ன நடைமுறை?"

4. நோட்டு போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். பிரச்சினை தொடங்குகிறது என்று மனதில் பட்ட அன்றே ஒரு நோட்டை எடுங்கள். சொந்த நோட்டு, வீட்டில் இருக்கட்டும். நடந்த அன்றே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதுவதற்கும், அன்றைக்கு இரவே எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எப்படி எழுதுவது? பலரும் எழுதுவது இப்படி இருக்கும்: "இன்றைக்கும் எல்லார் முன்னாலும் அசிங்கப்படுத்தினார். எப்போதும் இப்படித்தான்." இதை வைத்து யாராலும் எதையும் விசாரிக்க முடியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மார்ச் 4, செவ்வாய். காலை 11 மணிக் கூட்டம். மொத்தம் ஆறு பேர். நான் அறிக்கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலாளர் குறுக்கிட்டு, 'கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த வேலை சரிப்படாது, வேறு யாராவது பேசுங்கள்' என்றார். ஒருவர் சிரித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன். மதியம் 2.15க்கு, அந்தப் பணியிலிருந்து என்னை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது."

தேதி, நேரம், இடம், யார் இருந்தார்கள், என்ன சொன்னார் என்று அவர் வார்த்தையிலேயே, அப்புறம் என்ன ஆனது. அவ்வளவுதான். "அவர் ஆணவக்காரர்" என்று எழுத வேண்டியதே இல்லை. எந்தக் கேமராவைப் பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், எந்த மெயிலைத் தேட வேண்டும் என்பது விசாரிக்கிறவருக்கு இதிலேயே கிடைத்துவிடுகிறது. உங்களைப் பாராட்டி வந்த மெயில்கள், நல்ல அப்ரைசல் (வேலை மதிப்பீடு) இவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். புகார் கொடுத்தபிறகு திடீரென்று "வேலை சரியில்லை" என்று சொன்னால், அதற்கு முந்தைய மாதம் வரை என்ன சொன்னார்கள் என்பது அப்போது தேவைப்படும்.

5. புகாரை எழுதும் முறை

முதலில் கையேட்டைத் திறந்து, எந்தப் புகாரை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். எல்லாம் ஹெச்.ஆரிடம்தான் என்று இல்லை. இந்தியாவில் 2013ஆம் வருடச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்கள் கொடுக்கும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கத் தனியாக ஓர் உள் குழு இருக்க வேண்டும். அதில் வெளியாள் ஒருவரும் இருப்பார். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் அங்கே எழுத்தில் கொடுக்க வேண்டும்.

புகாரில் மூன்று பகுதி போதும். என்ன நடந்தது, அது எந்த விதியை மீறுகிறது, எனக்கு என்ன வேண்டும். பலர் முதல் பகுதியை நாலு பக்கம் எழுதுவார்கள். மற்ற இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது பகுதி ஏன் முக்கியம் என்றால், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்ற சட்டப் பாதுகாப்பு எல்லாப் புகாருக்கும் கிடைக்காது. பல நாடுகளில் அது பாகுபாடு, தொல்லை, கூலி, பாதுகாப்பு போன்ற குறிப்பிட்ட விஷயங்களுக்குத்தான் உண்டு. "மேலாளர் மரியாதை இல்லாமல் நடக்கிறார்" என்று எழுதினால் அது குணத்தைப் பற்றிய குறை. "நான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லி என்னைப் பணியிலிருந்து எடுத்தார், இதைப் பாகுபாடாகக் கருதுகிறேன்" என்று எழுதினால் அது வேறு. நடந்தது அதுதான் என்றால், அந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதுங்கள்.

ஒரு தடவைதான் நடந்தது, இதைப் போய்ச் சொல்வதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் நிறைவேற்றிய 190ஆம் எண் உடன்படிக்கை, ஒரே ஒரு முறை நடந்தாலும் அது தொல்லைதான் என்கிறது. அலுவலகக் கட்டடத்துக்குள் நடந்தால்தான் என்றும் இல்லை. வேலை நிமித்தப் பயணம், வேலை சம்பந்தமான ஃபோன், மெயில், வேலைக்குப் போய்வரும் வழி எல்லாவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது பகுதியில் உங்களுக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். "அந்தப் பணியில் என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டும்", "வேறு குழுவுக்கு மாற்றித் தர வேண்டும்", "இந்த இரண்டு மாதப் பாக்கியைத் தர வேண்டும்". "நியாயம் வேண்டும்" என்று மட்டும் எழுதினால், என்ன செய்தால் உங்களுக்கு நியாயம் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

மெயிலை அனுப்பியதும், அனுப்பினோம் என்பதற்கான சான்றை, தேதி தெரியும்படி, சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால் அதே மெயிலின் கீழே எழுதுங்கள்: "மேலே உள்ள புகார் எந்த நிலையில் இருக்கிறது?"

ஹெச்.ஆர். விசாரித்துக்கொண்டிருக்கிறதே என்று காத்திருந்து, வெளியே அரசிடமோ நீதிமன்றத்திடமோ போவதற்கான கெடுவைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே மனம் பொறுக்காத விஷயம். அமெரிக்காவில் பாகுபாட்டுப் புகாரை அரசு ஆணையத்திடம் கொடுக்க 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். உள்ளே விசாரணை நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு பொதுவாக நீளாது. ஜெர்மனியில் வேலைநீக்கக் கடிதம் கையில் கிடைத்து 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும். உங்கள் ஊரில் கெடு எத்தனை நாள் என்று முதல் நாளே தெரிந்துகொண்டு காலண்டரில் குறித்துவிடுங்கள்.

6. அவர்கள் உங்களைக் கூப்பிட்டால்

"ஐந்து நிமிடம் வர முடியுமா?" என்று மெசேஜ் வரும். நெஞ்சு படபடக்கும். போவதற்கு முன் பதில் எழுதுங்கள்: "வருகிறேன். எதைப் பற்றி, யார் யார் இருப்பார்கள் என்று தெரிந்தால் தயாராக வர வசதியாக இருக்கும்." பதில் வராவிட்டாலும் போங்கள். மறுப்பது கீழ்ப்படியாமை ஆகிவிடும்.

துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாமா என்று கேளுங்கள். பிரிட்டனில் 1999ஆம் வருடச் சட்டம், ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்கு சக ஊழியரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துப்போகும் உரிமையைத் தந்திருக்கிறது. அமெரிக்காவில் சங்கம் உள்ள இடங்களில் இப்படி ஓர் உரிமையை 1975இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் அது கிடைக்கும்.

உள்ளே போனதும் நோட்டை வெளிப்படையாக மேசைமேல் வைத்து எழுதுங்கள். எழுதுகிறவர் முன்னால் எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பேசுவார்கள். கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றும், நினைவில்லாததை "பார்த்துச் சொல்கிறேன்" என்றும் சொல்லுங்கள். சின்னப் பொய் ஒன்று போதும், மொத்த விஷயமும் திசைமாறி உங்கள் நேர்மையைப் பற்றிய விசாரணையாகிவிடும். எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருக்கலாம். அந்த மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலரும் கேட்காததையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். ஃபோனில் ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று கேட்பார்கள். பேசுகிற எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது சில இடங்களில் குற்றம், வேறு சில இடங்களில் இல்லை. உங்கள் சட்டம் தெரியாமல் அதில் இறங்காதீர்கள்.

தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால்: "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்." வாங்கிக்கொண்டதற்கு மட்டும் கையெழுத்து என்றால், கையெழுத்துக்கு மேலே "பெற்றுக்கொண்டேன், இதில் உள்ளதை ஏற்கவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதித் தேதி போடுங்கள். வெளியே வந்ததும், அன்றே, ஒரு மெயில்: "இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது இவை. தவறு இருந்தால் திருத்தவும்."

நடத்தையையோ திறமையையோ காரணம் காட்டி ஒருவரை நீக்குவதற்கு முன், அந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982ஆம் வருட 158ஆம் எண் உடன்படிக்கை சொல்கிறது. அதில் சேராத நாடுகளிலும் பல நிறுவனக் கையேடுகளில் இந்த நடைமுறை இருக்கும். கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

"வேலையை மேம்படுத்தும் திட்டம்" என்ற பெயரில், உங்கள் வேலை போதவில்லை என்று ஒரு காகிதம் கொடுத்தால், எத்தனை நாளில், எந்த அளவை எட்ட வேண்டும், அதை யார் அளப்பார் என்று எழுதி வாங்குங்கள். வாரம் ஒருமுறை பேசி, பேசியதை மெயிலில் போடுங்கள். முழு மனதோடு முயலுங்கள். அதே வாரத்தில் வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள்.

7. கிளம்பும்போது

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் பெயருக்கு நல்லது" என்று சொல்வார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதாதீர்கள். தானாக விலகியவருக்கு வேலையிழப்பு உதவித்தொகையும் இழப்பீடும் பல நாடுகளில் கிடைக்காது, நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கலாம். வழக்குப் போடும் உரிமையும் பலவீனப்படும். பணம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்கும் ஒப்பந்தங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். 40 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், வயதுப் பாகுபாடு பற்றிய தங்கள் உரிமையை இப்படி விட்டுக்கொடுக்க, யோசிப்பதற்குக் குறைந்தது 21 நாளும், கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால் ரத்து செய்ய 7 நாளும் தர வேண்டும் என்று அமெரிக்காவில் 1990இல் சட்டம் போட்டார்கள். அவசரத்தில் போட்ட கையெழுத்து எவ்வளவு பேரைக் கெடுத்திருக்கும் என்பதற்கு அந்தச் சட்டமே சாட்சி. உங்களுக்கு அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் ஒரு வாரம் கேட்டு வாங்குங்கள். தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒருமுறை காட்டுங்கள்.

விலகும்போது நடக்கும் நேர்காணலில் மனதில் உள்ளதையெல்லாம் இறக்கி வைக்கத் தோன்றும். புகாராகக் கொடுக்க வேண்டியதை முன்பே புகாராகக் கொடுத்திருக்க வேண்டும். இங்கே நன்றாக இருந்தவை இரண்டு, திருத்தலாம் என்று தோன்றுபவை இரண்டு சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

லாகின் துண்டிக்கப்படுவதற்கு முன்னால் சம்பளச் சீட்டுகளையும் வரிப் படிவங்களையும் இறக்கிக்கொள்ளுங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால் பின்னாலும் கேட்கலாம்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிப்படி, தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களின் பிரதியை ஊழியர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். லேப்டாப், அடையாள அட்டை, சாவி எல்லாவற்றையும் ஒப்படைத்ததற்குப் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எடுக்காத விடுப்புக்கான பணம், நோட்டீஸ் பீரியட் பிடித்தம் இரண்டையும் கடைசிக் கணக்கில் நீங்களே கூட்டிப் பாருங்கள். கிளம்புவதற்கு முன் உங்கள் சொந்த மெயில் முகவரியையும், கடிதம் வந்தால் கிடைக்கும் வீட்டு முகவரியையும் ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். அனுபவச் சான்றிதழ் எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள்.